காலித் தட்டும் பொய் சொல்லும்





இந்த மாத அட்டையைப் பார்த்ததும் அச்சகத்தில் பிளேட் போடும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "இது எந்த ஹோட்டல் சார்?" ஓரம் சிவக்கச் சுட்ட மாவுப் பண்டம், பாதி அறுத்து வைத்த பன்றித் தொடைக்கறி, தோலைச் சுருளாகச் சீவித் தொங்கவிட்ட எலுமிச்சை, மறுபக்கம் தெரிகிற ஜெல்லி, அந்த ஜெல்லிக்குள் இரண்டு வெள்ளை மீன்கள். "ஹோட்டல் இல்லைப்பா. தொடைக்கறி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜெல்லி ரெசின், எலுமிச்சை மெழுகு. மோந்து பார்த்தால் பெயின்ட் வாடைதான் வரும்" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். 1977-இலிருந்து உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டி ஒரு சிறப்பிதழ் போடுவது நம் வழக்கம். சிலை, நாணயம், ஓலைச்சுவடி என்று ஒரு சுற்று வந்துவிட்டோம். இந்த முறை அருங்காட்சியகத்திலேயே மலிவான பொருளைப் பிடித்துக்கொண்டோம்: பழைய மாளிகைகளின் சாப்பாட்டு மேசையிலும் சமையற்கட்டிலும் காட்சிக்கு வைக்கிற போலி உணவு. ஏலத்தில் விட்டால் கேட்க ஆள் வராது. ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய, சமையல்காரருக்குத் தெரிந்ததும் சிற்பிக்குத் தெரிந்ததும் வேதியியல் படித்தவருக்குத் தெரிந்ததும் வரலாற்றாசிரியருக்குத் தெரிந்ததும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான பழைய வீடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பிரபுவின் நாற்காலி இருக்கிறது, பீங்கான் இருக்கிறது, வெள்ளிக் கரண்டிகள் இருக்கின்றன, செம்புப் பாத்திரங்கள் தேய்த்துப் பளபளக்கின்றன. சாப்பாடு மட்டும் இல்லை. அந்த வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக ஆட்களை, அதிக விறகை, அதிக நேரத்தை விழுங்கியது சாப்பாடுதான். அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்ந்துபோன பண்டம் என்பதால் அதற்கு மட்டும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

அப்படியானால் மேசையைக் காலியாகவே விட்டுவிடலாமே, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது பித்தலாட்டம் இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் காலித் தட்டும் பொய் சொல்லும். இந்த வீட்டில் யாருக்கும் பசித்ததில்லை, யாரும் அடுப்பின் முன் வெந்ததில்லை, எச்சில் தட்டை யாரும் எடுத்ததில்லை என்று அது சொல்லும். இவர்கள் பொருள்களை வைத்திருந்தார்கள் என்று மட்டும் தெரியும். வாழ்ந்தார்கள் என்று தெரியாது. இரண்டு பொய்களில் எது சின்னது என்பதுதான் கேள்வி. என் ஓட்டு பிளாஸ்டர் கறிக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தக் கறியைப் புத்தகத்தில் எழுதுகிற வாக்கியத்துக்குக் காட்டும் அக்கறையோடு செய்திருக்க வேண்டும்.

நிஜ உணவையே வைத்த வீடும் ஒன்று உண்டு. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஃபோல்கேட் தெரு 18-ஆம் எண் வீடு. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த டென்னிஸ் செவர்ஸ் என்பவர் 1979-இல் அதை வாங்கி, கற்பனையான ஒரு பட்டு நெசவாளர் குடும்பம் அங்கே வாழ்வதாக அறை அறையாக அமைத்தார். பார்வையாளர் அறைக்குள் நுழையும் நொடியில்தான் அந்தக் குடும்பம் எழுந்து போயிருக்கிறது என்ற எண்ணம் வர வேண்டும். பாதி கடித்த ரொட்டி, உடைத்த முட்டை, ஆறிக்கொண்டிருக்கிற தேநீர், பழத்தின் வாசனை எல்லாமே நிஜம். 1999-இல் அவர் இறந்த பிறகும் அந்த வீடு அப்படியே நடக்கிறது. அங்கே போனவர்களுக்குக் கண்ணில் பட்டதைவிட மூக்கில் ஏறியதுதான் அதிகம் நினைவிருக்கும்.

எல்லா வீடுகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அசலான தரைவிரிப்பும் பட்டுத் திரையும் இருக்கிற அறையில் ஒரு ரொட்டியை வைத்தால் அது விருந்தாளிகளை அழைத்து வரும். முதலில் எலி. பிறகு பிஸ்கட் வண்டு. நம் வீட்டு மல்லித்தூள் டப்பாவையும் துளைக்கிற அதே பூச்சிதான். ரொட்டி தீர்ந்ததும் அது புத்தக அட்டையின் பசைக்குப் போகும். மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்கும் உயிர். ரொட்டியை நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடித்து வைப்பது ஒருகாலத்தில் பல இடங்களில் நடந்தது. உப்பு மாவைப் பிசைந்து பழமும் பலகாரமும் செய்வார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே வண்டுக் குடும்பம். அதனால் இன்று விவரம் தெரிந்த இடங்களில் உண்ணக்கூடிய எதையும் உள்ளே விடுவதில்லை. வாதுமைக்கொட்டை ஓடு, சிப்பி ஓடு போன்றவற்றை அசலாகவே வைக்க வேண்டுமென்றால், சுத்தம் செய்து உறையவைத்த பிறகே அனுமதி. மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடந்தால் பூச்சியும் போகும், அதன் முட்டையும் போகும்.

செய்முறைக்கு வருகிறேன். அட்டையில் இருக்கும் அந்த மீன் ஜெல்லியையே எடுத்துக்கொள்வோம்.

எலிசபெத் ராஃபால்ட் என்ற பெண்மணி இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் ஆர்லி ஹால் என்ற பெரிய வீட்டில் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தவர். பிறகு மான்செஸ்டரில் கடை நடத்தினார். 1769-இல் அவர் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் 'மீன் குளம்' என்றொரு பண்டம் இருக்கிறது. கன்றுக்குட்டிக் காலை வேகவைத்து எடுத்த சாற்றில் பாதாமும் க்ரீமும் சேர்த்து, மீன் வடிவ அச்சுகளில் ஊற்றி உறையவைத்தால் வெள்ளை மீன்கள் தயார். அவற்றைத் தெளிந்த ஜெல்லிக்குள் மிதக்கவிட்டு, உறைந்ததும் கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டும். விருந்தாளியின் முன்னால் குளமே தட்டில் வந்து நிற்கும்.

இதைப் போலியாகச் செய்கிறவர் முதலில் நிஜமாகவே ஒரு தடவை சமைத்துப் பார்ப்பார். ஜெல்லியைக் கவிழ்த்ததும் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேறு வழி இல்லை. நிஜ ஜெல்லி அச்சின் கூர்மையை அப்படியே காட்டாது. தன் எடையிலேயே கொஞ்சம் அமுங்கும், அடிப்பகுதி லேசாகப் பிதுங்கும், விளிம்புகள் மழுங்கும். அந்த அமுங்கலைச் சேர்த்துத்தான் மாதிரி வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசைமேல் இருப்பது கண்ணாடிக் கட்டி என்று முதல் வரிசைக் குழந்தையே சொல்லிவிடும். மாதிரியின்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். வெள்ளை ரெசினில் மீன்களைத் தனியே வார்க்கிறார்கள். பிறகு தெளிந்த ரெசினை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. அது இறுகும்போது சூடு கிளப்பும். கனமாக ஊற்றினால் உள்ளே விரிசல் விடும். ஓர் அடுக்கு ஊற்றி, இறுகவிட்டு, மீன்களை வைத்து, அடுத்த அடுக்கு. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். இதில் ஒரு வசதியும் உண்டு. ரெசின் வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சளிக்கும். கன்றுக்கால் ஜெல்லியும் பச்சைத் தண்ணீர் நிறத்தில் இருந்ததில்லை, வைக்கோல் நிறம்தான். அதனால் தொடக்கத்திலேயே ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்துவிடுகிறார்கள்.

தொடைக்கறிக்கு வேறு கணக்கு. கடையில் வாங்கிய நிஜத் தொடையின்மேலேயே அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்க்கலாம். வடிவம் பிசகாமல் வந்துவிடும். வித்தை எல்லாம் வண்ணத்தில்தான். கொழுப்பு வெள்ளையாக இருக்காது. மஞ்சள் ஓடியிருக்கும், தோலை ஒட்டிய இடத்தில் சிவப்புச் சாயும். அறுத்த கறியின் நடுவில் ஈரப் பளபளப்பு, ஓரத்தில் காய்ந்த மங்கல். இரண்டுக்கும் ஒரே வார்னிஷைப் பூசினால் கறி பொம்மையாகிவிடும். ஒவ்வொரு நிறத்தையும் நீர்த்த பூச்சாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால்தான் அடியில் இருப்பது மேலே தெரியும். பெரிய மாவுப் பண்டத்துக்கு உள்ளே தெர்மோகோல் வைத்து எடையைக் குறைக்கிறார்கள். பழைய மேசையின் கால் முக்கியம் அல்லவா? ரொட்டித் துணுக்குக்குத் தக்கைத் தூள், பட்டாணிக்குப் பாலிமர் களிமண் உருண்டை, கீரைக்குச் சாயமேற்றிய பட்டுத் துணி.

பாலிமர் களிமண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கைவினைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பொருள் அது. பிசையலாம், சுமார் 130 டிகிரியில் வீட்டு அவனிலேயே சுட்டெடுக்கலாம். ஆனால் அது பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். 200 ஆண்டுப் பழைய பீங்கான் தட்டில் பிசுபிசுப்பாகப் படியும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. கந்தகம் கலந்த களிமண்ணும் ரப்பரும் பக்கத்தில் இருக்கும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். சில பசைகளும் பெயின்ட்களும் விடுகிற அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இதைக் கண்டுபிடிக்க பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் ஒரு சோதனையை வகுத்தார். சந்தேகப்படுகிற பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றிலும் ஒவ்வொரு சிறு தகட்டைக் கொஞ்சம் ஈரத்துடன் மூடிய கண்ணாடிக்குள் வைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விட வேண்டும். தகடு நிறம் மாறினால் அந்தப் பொருளுக்குக் காட்சிப் பெட்டிக்குள் இடம் இல்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடி சோதனை என்றே அதைச் சொல்கிறார்கள். சோதனையில் தேறிய பிறகும் போலி உணவை அசல் தட்டில் நேரடியாக வைப்பதில்லை. தட்டின் வடிவத்துக்கு வெட்டிய தெளிவான பாலியஸ்டர் தாளை இடையில் போடுகிறார்கள். தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற நமக்கு அது தெரியாது.

எப்படிச் செய்வது என்பதைவிட, எதைச் செய்வது என்பது பெரிய பாடு. சமையல் புத்தகம் ஒன்று போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சமையல் புத்தகம் ஆசைகளின் பட்டியல். வீட்டுக் கணக்குப் புத்தகம்தான் நடந்ததைச் சொல்லும். இறைச்சிக் கடைக்காரருக்கு என்ன கொடுத்தார்கள், சர்க்கரை எத்தனை பவுண்டு வாங்கினார்கள், எந்த மாதம் மீன் வந்தது என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும். குப்பைக் குழியைத் தோண்டினால் எலும்பு கிடைக்கும். அதில் கத்தி விழுந்த இடத்தைப் பார்த்து எந்தத் துண்டு மேசைக்குப் போனது என்று சொல்லிவிடலாம். டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ், ஃபிளெமிஷ் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் போன்றவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த உணவு மேசைகள் இன்னொரு சாட்சி. நம் அட்டையில் சுருண்டு தொங்குகிற எலுமிச்சைத் தோல் அந்த ஓவியங்களிலிருந்து வந்ததுதான்.

இத்தனை சாட்சி இருந்தும், சந்தைக்குப் போய் மாதிரிக்கு ஒரு பழம் வாங்கினால் கதை கெட்டுவிடும். இன்று நாம் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெர்ரி, இரண்டு அமெரிக்க இனங்கள் ஐரோப்பியத் தோட்டத்தில் தற்செயலாகக் கலந்து பிறந்தது. அதில் ஒன்றை, ஃப்ரேசியர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிலியிலிருந்து 1714-இல்தான் கொண்டுவந்து சேர்த்தார். எட்டாம் ஹென்றியின் மேசையில் அந்தப் பழத்தைக் குவித்தால் அரசர் எழுந்து வந்து 'இது என்ன?' என்று கேட்பார். அவருக்குத் தெரிந்தது சுண்டுவிரல் நுனி அளவுள்ள காட்டுப் பழம். கேரட்டும் அப்படித்தான். ஆரஞ்சு நிறக் கேரட் பரவியது 17-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் ஊதா, மஞ்சள், வெள்ளை. சர்க்கரை தூளாக வராது. நீலத் தாளில் சுற்றிய கூம்புக் கட்டியாக வரும், அதை வெட்ட இடுக்கி உண்டு. இதோடு பருவமும் சேர வேண்டும். டிசம்பர் மாத விருந்தில் புதுப் பட்டாணி இருந்தால், ஒன்று அந்த வீட்டுக்காரர் மகா பணக்காரர், இல்லையென்றால் காட்சி அமைத்தவருக்குக் கவனம் போதாது.

அடுக்குகிற முறையும் வேறு. இன்று ஒவ்வொன்றாக வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் ஒரு சுற்றுக்கான எல்லாப் பண்டங்களும் மேசையில் ஒரே நேரத்தில், இடமும் வலமும் சமமாக, அளந்து வைத்ததுபோல் நிற்கும். ராஃபால்டின் புத்தகத்தில் எந்தத் தட்டு எங்கே என்று வரைபடமே போட்டிருக்கிறார். அதனால் போலி உணவு செய்கிறவருக்கு ஒரு தட்டு செய்தால் தப்ப முடியாது. ஒரு மேசை நிறைய வேண்டும். 1817 ஜனவரியில், ரஷ்ய இளவரசர் நிக்கோலஸுக்காகப் பிரைட்டன் ராயல் பெவிலியனில் சமையல் மேதை காரெம் தயாரித்த விருந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பண்டங்கள். அதில் ஒன்று அந்த அரண்மனையையே மாவுப் பலகாரத்தில் கட்டி நிறுத்தியது!

போலியைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். உணவைப் போலியாகச் செய்யும் விளையாட்டை அந்தக் காலத்து மேசையே ஆடிக்கொண்டிருந்தது. ராஃபால்டே முட்டையும் பன்றிக்கறியும் போலத் தெரிகிற இனிப்பு ஒன்றுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். சர்க்கரையையும் பிசினையும் பிசைந்து கோயில், தோட்டம், மனித உருவம் என்று மேசை நடுவில் நிறுத்துவது ஐரோப்பிய அரசவைகளில் பல தலைமுறை வழக்கம். அந்த வேலையைத்தான் பிறகு பீங்கான் பொம்மைகள் எடுத்துக்கொண்டன. 1790-களில் இங்கிலாந்தில் கோதுமைத் தட்டுப்பாடு வந்து மாவு மேலோடு செய்வதே ஆடம்பரம் என்றானபோது, வெட்ஜ்வுட் நிறுவனம் பழுப்பு நிறக் களிமண்ணில், சுட்ட மாவு மேலோடு மாதிரியே பாத்திரம் செய்து விற்றது. உள்ளே நிஜக் கறி, வெளியே களிமண் மேலோடு. பஞ்சம் கண்டுபிடித்த போலி அது. இன்றைக்கு இந்தக் கலையில் பெரிய பெயர் பிரிட்டிஷ் உணவு வரலாற்றாசிரியர் ஐவன் டே. பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பழைய முறையிலேயே சர்க்கரைச் சிற்பங்களை மறுபடி உருவாக்கி, அமெரிக்காவின் கெட்டி நிலையத்தில் 2015-இலும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் 2019-இலும் நடந்த உணவுக் கண்காட்சிகளுக்குத் தந்தவர் அவர்.

நமக்குச் சொந்தமான ஒரு வாசனையும் அந்த மேசையில் உண்டு. ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் 'இந்திய முறைக் கறி' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கோழி, வெங்காயம், 30 மிளகு, ஒரு பெரிய கரண்டி அரிசி. மல்லி விதையைச் சுத்தமான கரி அள்ளும் கரண்டியில் போட்டு நெருப்பில் வறுத்து இடிக்கச் சொல்கிறார். மஞ்சளும் இஞ்சியும் பிந்தைய பதிப்புகளில்தான் வந்து சேர்ந்தன. இந்தக் கறியை ஓர் ஆங்கில வீட்டின் மேசையில் போலியாக வைக்க வேண்டும் என்றால் என்ன நிறம் கொடுப்பீர்கள்? மிளகாய் இல்லை, முதல் பதிப்பில் மஞ்சளும் இல்லை. வெளிறிய பழுப்பில், மல்லித்தூள் மிதக்கிற ஒரு குழம்புதான் சரி. பார்க்கிற நமக்கு ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்று சிவப்பு ஏற்றினால் அந்த வீட்டுக்கு நாம் எழுதுவது புதுக் கதை.

ஜப்பானியர் செய்கிற உணவு மாதிரிகளோடு இந்தக் கலை பிரிகிற இடமும் அதுவே. கிஃபு மாநிலத்துக் குஜோ ஹச்சிமான் ஊரில் பிறந்த இவசாகி டாகிசோ 1932-இல் ஒசாகாவில் மெழுகு மாதிரிகளைத் தொழிலாகத் தொடங்கினார். ஓர் ஆம்லெட்டில் ஆரம்பித்தது இன்று ஜப்பானிய உணவகங்களின் கண்ணாடி அலமாரி முழுக்க நிற்கிறது. கைத்திறனில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கடை மாதிரியின் வேலை நம்மை உள்ளே இழுப்பது, அது ருசியைக் காட்ட வேண்டும். பழைய வீட்டின் மாதிரிக்கு அந்தக் கடமை இல்லை. அடிப்பிடித்திருக்கலாம், ஆறியிருக்கலாம், வேலைக்காரர்களுக்கு வைத்த மேசை என்றால் கஞ்சித் தண்ணீராகவே இருக்கலாம்.

அதைத்தான் இந்தப் பக்கத்தில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். சாப்பாட்டை மேசையில் வைத்ததும், சமைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை இருக்கிறது. ஜெஃபர்சன் 1784-இல் பாரிஸ் போனபோது தன் அடிமைகளில் ஒருவரான ஜேம்ஸ் ஹெமிங்ஸையும் பிரெஞ்சுச் சமையல் படிக்க அழைத்துப் போனார். அந்த மேசையின் புகழெல்லாம் அவர் கையால் வந்தது. தன் தம்பி பீட்டருக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த பிறகுதான், 1796-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. போகுமுன் சமையற்கட்டில் இருந்த பாத்திரங்களை அவர் தன் கையெழுத்தில் எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் சமையற்காரர் ஹெர்குலிஸ் போஸியும் அடிமைதான். குடியரசுத் தலைவர் மாளிகை விருந்துகளைச் சமைத்த அந்த மனிதர், 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் 65-ஆவது பிறந்தநாளில், மவுன்ட் வெர்னன் பண்ணையைவிட்டுத் தப்பிப் போனார்.

வெள்ளித் தட்டுகள் மட்டும் இருந்தால் அந்த வீடுகள் ஜெஃபர்சனின் வீடு, வாஷிங்டனின் வீடு. சமையற்கட்டு மேசையில் பாதி உரித்த கோழியும், பக்கத்தில் கொத்திய கீரையும், அடுப்பில் கிளறிக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போன சட்டியும் இருந்தால், ஒரு கை அங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்பது குழந்தைக்கும் புரியும். மேசை நடுவே வெள்ளையாக நிற்கும் சர்க்கரைக் கோயிலைப் பார்த்து, கரும்புத் தோட்டத்தில் அதற்காக உழைத்த அடிமைகளைப் பற்றி வழிகாட்டி பேச முடியும். கேட்கிறவர் காதில் அது ஏறும். பிளாஸ்டர் கறிக்கு நான் ஓட்டுப் போட்டது இதற்காகத்தான்.

போலி உணவு நமக்கும் புதிதில்லை. நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் கடை பரப்பாமல் யார் விடுகிறார்கள்? கல்யாண செட்டில் இலை போட்டுப் பந்தி உட்கார்ந்திருக்கும், இலையில் மண் லட்டு இருக்கும். பழைய வீடுகளைக் காட்சிக்கு வைப்பதும் இங்கே நடக்கிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு உட்படத் தென்னாட்டு வீடுகள் பலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஆதாரத்துக்கும் பஞ்சம் இல்லை. இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனைச் சமையலைச் சொல்லும் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடாகவே வந்திருக்கிறது. அரண்மனைக் கணக்குகளும் கோயில் மடைப்பள்ளிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அரண்மனை என்ன சாப்பிட்டது, சாமிக்கு என்ன படைத்தார்கள் என்று நம்மால் சொல்லிவிட முடியும். சாதாரண வீட்டில் ஒரு சாதாரண நாளில் என்ன வெந்தது என்பதற்குத்தான் ஆவணம் குறைவு. அது உங்களிடம் இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். உங்களுக்கு நினைவு தெரிந்த மிகப் பழைய சமையற்கட்டு எதுவோ, அதில் ஒரு வேளைச் சாப்பாட்டை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தீபாவளியும் கல்யாணமும் வேண்டாம். அவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போதும். அரிசி என்ன அரிசி, எங்கிருந்து வந்தது, குழம்பு என்ன நிறம், எந்தப் பாத்திரம் எந்த மூலையில் இருந்தது, விறகா சுள்ளியா வரட்டியா, பழையது யாருக்குப் போனது என்று, ஒருவர் படித்துவிட்டு மாதிரி செய்கிற அளவுக்கு விவரமாக இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், அம்மாவும் ஆச்சியும் "இதையெல்லாம் போய் எழுதுவியா?" என்று சிரிப்பார்கள், விடாதீர்கள். ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அவருக்கு என்ன மிச்சம் இருந்தது?

அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வந்து சேருகிற கடிதங்களில் முடிந்தவரை எல்லாவற்றையும் வெளியிடுவோம். எழுத்து நன்றாக வரவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்; திருத்திக்கொள்ளத்தான் நாங்கள் இருக்கிறோம். தகவல்தான் எங்களால் சேர்க்க முடியாதது.

அன்புடன்,
ஆசிரியர்